மகுடத்தை அசைத்த சிறு புத்தகம்

1774-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள பிலடெல்பியா துறைமுகத்துக்கு இங்கிலாந்தில் இருந்து ஒரு கப்பல் வந்து சேர்ந்தது.

கப்பலில் விஷக் காய்ச்சல் பரவி இருந்தது. சிலர் நடுக்கடலிலேயே இறந்து போனார்கள். பலர் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். அவர்களில் ஒருவரால் புரண்டு படுக்கவும் முடியவில்லை. ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கரை சேர்த்தார்கள்.

அவருக்கு வயது 37. வீடு இல்லை. வேலை இல்லை. மனைவியும் உடன் இல்லை. ஒரு பெரிய மனிதர் கொடுத்த சிபாரிசுக் கடிதம் மட்டும் இருந்தது.

பதினான்கு மாதம் ஆவதற்குள் அந்த நோயாளி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதைப் படித்த அமெரிக்க மக்கள், இனி நமக்கு அரசரே வேண்டாம் என்று துணிந்தார்கள். அவர்தான் தாமஸ் பெயின்.

கச்சு தைக்கும் பையன்

தாமஸ் பெயின், 1737-ம் ஆண்டு இங்கிலாந்தில் தெட்போர்டு என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் கச்சு தைப்பவர். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும் என்பதற்காக இறுக்கமான கச்சு அணிவார்கள். திமிங்கல எலும்பை உள்ளே வைத்து அதைத் தைப்பார்கள். தைப்பவருக்கு விரல் நோகும். வருமானமோ சொற்பம்.

தகப்பனார் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். குவேக்கர்கள் எந்தப் பெரிய மனிதருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். கடவுளின் முன்னால் எல்லோரும் ஒன்று என்பது அவர்கள் கொள்கை. சண்டைக்கும் போக மாட்டார்கள். தாயார் வேறு பிரிவு. இங்கிலாந்து அரசாங்கத்தின் திருச்சபையைச் சேர்ந்தவர்.

பெயின் பள்ளிக்கூடத்தில் படித்தது 13 வயது வரை. பிறகு தகப்பனாருடன் கச்சு தைக்க உட்கார்ந்தார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. கடலுக்குப் போக ஆசை. ஒரு போர்க் கப்பலில் ஏறப் போனபோது தகப்பனார் தேடி வந்து தடுத்துவிட்டார். தடுத்தது நல்லதாகப் போயிற்று. அந்தக் கப்பல் சண்டையில் சிக்கி, அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். ஆனாலும் பையன் அடங்கவில்லை. வேறு ஒரு கப்பலில் ஏறிப் போய்விட்டுத்தான் திரும்பினார்.

தொட்டது எல்லாம் தோல்வி

22-வது வயதில் பெயினுக்குக் கலியாணம் நடந்தது. ஓராண்டுக்குள் மனைவி இறந்து போனார்.

கலால் இலாகாவில் உத்தியோகம் கிடைத்தது. குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போய்ச் சரக்குகளைப் பார்த்து வரி கணக்கெழுத வேண்டும். ஒரு தடவை, பார்க்காத சரக்கைப் பார்த்ததாக எழுதிவிட்டார். அவரை வேலையில் இருந்து நீக்கினார்கள். இதை மறைத்துச் சொல்ல வேண்டியது இல்லை. மன்னிப்புக் கேட்டு மறுபடியும் வேலை வாங்கினார்.

அப்போது சம்பளம் ஆண்டுக்கு 50 பவுன். குதிரைத் தீனியும் அதிலேதான். பட்டினி கிடக்கும் உத்தியோகஸ்தன் லஞ்சம் வாங்காமல் என்ன செய்வான்? சம்பளத்தை உயர்த்தினால்தான் நாணயம் நிற்கும் என்று விளக்கி, 1772-ம் ஆண்டு பெயின் ஒரு விண்ணப்பம் எழுதினார். எல்லாக் கலால் உத்தியோகஸ்தர்களுக்காகவும் எழுதியது அது. லண்டனுக்குப் போய்ப் பார்லிமெண்டு மெம்பர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு பலனும் இல்லை.

அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போனார் என்று 1774-ம் ஆண்டு மறுபடியும் வேலை போயிற்று. அவர் நடத்திய புகையிலைக் கடையும் நொடித்தது. கடைச் சாமான்கள் ஏலத்தில் போயின. இரண்டாவது மனைவியும் அவரும் பிரிந்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் லண்டனில் இருந்தார் பெஞ்சமின் பிராங்ளின். இடியில் மின்சாரம் இருப்பதைக் காட்டிய விஞ்ஞானி அவர். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் சார்பில் அங்கே தங்கி இருந்தார். பெயினின் புத்திக் கூர்மை அவருக்குப் பிடித்தது. எழுத்தர் வேலைக்கோ, உபாத்தியாயருக்கு உதவியாகவோ, நிலம் அளக்கவோ இவரை வைத்துக்கொள்ளலாம் என்று தம் மருமகனுக்குக் கடிதம் கொடுத்தார்.

கடலில் விழுந்த தேயிலை

அப்போது அமெரிக்கா தனி நாடு அல்ல. கிழக்குக் கடற்கரை ஓரமாக 13 குடியேற்ற நாடுகள். இங்கிலாந்தில் இருந்தும் ஐரோப்பாவின் பிற பகுதிகளில் இருந்தும் போய்க் குடியேறியவர்களும், ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும் அங்கே இருந்தார்கள். மொத்த ஜனத்தொகை சுமார் 25 லட்சம். ஐந்தில் ஒருவர் அடிமை. எல்லோருக்கும் அரசர் லண்டனில் இருந்த மூன்றாம் ஜார்ஜ்.

சண்டை வரியில் ஆரம்பித்தது. 1765-ம் ஆண்டு ஸ்டாம்பு வரி போட்டார்கள். பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் வரி. எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பார்லிமெண்டு எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று அமெரிக்கர்கள் கேட்டார்கள். அடுத்த ஆண்டே அந்த வரியை எடுத்துவிட்டு, பிறகு வேறு வரிகளைப் போட்டார்கள்.

1773-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அந்தத் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. சென்னையில் கோட்டை கட்டி இருந்த அதே கம்பெனிதான்!

கோபம் கொண்ட இங்கிலாந்து, பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. பட்டாளத்தை அனுப்பியது. 1775-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி லெக்சிங்டன் என்ற ஊரில் துப்பாக்கி வெடித்தது. ரத்தம் சிந்தியது.

அப்போதும் அமெரிக்கத் தலைவர்களில் பெரும்பாலோர் சுதந்திரம் என்ற சொல்லைச் சொல்லத் தயங்கினார்கள். மந்திரிகள்தான் கெட்டவர்கள், மன்னர் நல்லவர் என்று நம்பினார்கள். பிள்ளைகள் தகப்பனிடம் முறையிடுவதைப் போல 1775 ஜூலையில் மன்னருக்குச் சமாதான விண்ணப்பம் அனுப்பினார்கள். மன்னர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. அவர்களைக் கலகக்காரர்கள் என்று பிரகடனம் செய்தார்.

ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் விண்ணப்பம். எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பது சண்டை போட்டவர்களுக்கே விளங்கவில்லை.

எல்லோருக்கும் விளங்கும் பேச்சு

காய்ச்சலில் இருந்து தேறிய பெயின், பிலடெல்பியாவில் ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர் ஆனார். ஊர் நிலவரத்தைக் கவனித்தார். 1775-ம் ஆண்டுக் கடைசியில் எழுத உட்கார்ந்தார்.

1776-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி புத்தகம் வெளிவந்தது.  விலை 2 ஷில்லிங். எழுதியவர் பெயர் போடவில்லை. பெயர் தெரிந்தால் ராஜத் துரோகம் என்று தூக்கில் போடலாம். புத்தகத்தின் பெயர் காமன் சென்ஸ். எல்லா மனிதருக்கும் இயல்பாக உள்ள அறிவு என்று பொருள். பெஞ்சமின் ரஷ் என்ற டாக்டர் வைத்துக் கொடுத்த பெயர் அது.

அதுவரை அரசியல் எழுதியவர்கள் வக்கீல்களும் பணக்காரர்களும். அவர்கள் எழுத்தில் லத்தீன் மேற்கோள் நிறைந்து இருக்கும். படித்தவர்கள் மட்டுமே படிக்கலாம். பெயின் கச்சு தைத்தவர். கப்பலில் வேலை பார்த்தவர். பட்டறையிலும் சாராயக் கடையிலும் ஜனங்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பேச்சிலேயே எழுதினார். படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் படித்துக் காட்டினார்கள். ஒரு தடவை கேட்டால் போதும், விளங்கிவிடும். எல்லாரும் மரியாதையாக நினைத்த ஒரு விஷயத்தை முகத்துக்கு நேரே கேலி செய்யும் துணிச்சலும் அதில் இருந்தது.

அவர் என்ன சொன்னார்?

மனிதர்கள் ஒருவருக்கு ஒருவர் உதவி செய்து வாழ்வது இயற்கை. அரசாங்கம் என்பது மனிதரிடம் உள்ள கெட்ட குணத்தால் வந்த காவல். காவலுக்காக நாம் வைத்த ஆள் நமக்கே எஜமானன் ஆகலாமா என்று கேட்டார்.

அடுத்து அரசர் விஷயம். ஆண், பெண் என்ற வேறுபாடு பிறப்பில் உண்டு. அரசர், குடிமகன் என்ற வேறுபாடு எந்தப் பிறப்பில் வந்தது? முதல் அரசர்களின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால், கொள்ளைக் கூட்டத்தின் தலைவன்தான் அங்கே நிற்பான் என்றார். சரி, முதல் ஆள் கெட்டிக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் பிள்ளையும் பேரனும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி? தாத்தா ஒருவருக்குத் தலை வணங்கினால், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளையும் அவர் அடகு வைத்ததாக ஆகுமா?

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பைபிள் இருந்தது. அதில் இருந்தே உதாரணம் காட்டினார். இஸ்ரவேல் மக்கள் தங்களுக்கு ஓர் அரசன் வேண்டும் என்று கேட்டபோது சாமுவேல் தீர்க்கதரிசி எச்சரித்த கதையை எடுத்து வைத்தார்.

இங்கிலாந்து தாய்நாடு அல்லவா, தாயை எதிர்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். பெற்ற பிள்ளையைச் சுட்டுக் கொல்லும் தாய் உண்டா என்று திருப்பிக் கேட்டார். மேலும், இங்கே வந்தவர்கள் எல்லாம் இங்கிலாந்தில் இருந்தா வந்தார்கள்? ஐரோப்பா முழுவதிலும் அடிபட்டவர்கள் அல்லவா ஓடி வந்திருக்கிறார்கள்?

தூரத்தையும் நினைவூட்டினார். நடுவில் 3,000 மைல் கடல். ஒரு விண்ணப்பம் போய்ப் பதில் வர நாலைந்து மாதம். சிறு தீவில் இருந்துகொண்டு ஒரு பெரிய கண்டத்தை என்றென்றும் ஆள்வது எந்த நியாயம் என்று கேட்டார்.

அரசர் இல்லாவிட்டால் யார் ஆள்வது? சட்டம் ஆளட்டும் என்றார். அதற்கு ஒரு விழாவும் யோசித்து எழுதினார். மக்கள் வகுத்த சட்டத்தை எல்லோரும் பார்க்கும்படி வைத்து, அதன்மேல் மகுடத்தைச் சூட்ட வேண்டுமாம். பிறகு அந்த மகுடத்தை உடைத்து, துண்டுகளை மக்களிடையே வீசிவிட வேண்டுமாம். அது மக்களின் சொத்து அல்லவா?

புத்தகம் வெளிவந்த அதே வாரத்தில் மன்னரின் பேச்சும் பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தது. கலகத்தை ஆயுதத்தால் அடக்குவேன் என்பது அதன் சாரம். ஜனங்கள் இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள். பெயினுக்கு வேறு விளம்பரம் வேண்டியது இருக்கவில்லை.

மூன்று மாதத்தில் 1,20,000 பிரதி விற்றதாகப் பெயின் கணக்குச் சொன்னார். அது கொஞ்சம் மிகை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். எப்படியும் அதற்கு முன் அந்த நாட்டில் ஒரு சிறு புத்தகம் அந்த அளவு பரவியது இல்லை. ஊருக்கு ஊர் அச்சடித்தார்கள். ஜெர்மன் பாஷையிலும் வந்தது. பெயின் தமக்கு ஒரு காசும் வேண்டாம் என்றார். பனியில் போராடும் சிப்பாய்களுக்கு அந்த லாபத்தில் கையுறை வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அச்சிட்டவரோ லாபமே இல்லை என்று கையை விரித்துவிட்டார்!

எல்லோரும் பாராட்டினார்கள் என்று சொல்வதற்கு இல்லை. தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ், சுதந்திரம் வேண்டும் என்பதில் பெயினுடன் ஒத்துப் போனார். ஆனால் ஆட்சியைப் பாமர மக்கள் கையில் அப்படியே கொடுக்கச் சொல்கிறாரே என்று அஞ்சினார். அதற்கு மறுப்பாகத் தாமும் ஒரு புத்தகம் எழுதினார்.

ஜூலை 4

1776-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி அமெரிக்கக் காங்கிரஸ் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றது. எழுதியவர் தாமஸ் ஜெபர்சன். வயது 33. பெயின்தான் எழுதினார் என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. பெயின் அந்தச் சபையில் மெம்பரும் அல்ல.

பிரகடனத்தின் பெரும் பகுதி மன்னர் மீது சாட்டிய குற்றங்கள். மொத்தம் 27. சம்மதம் இல்லாமல் வரி போட்டது அவற்றில் ஒன்று. ஆனால் அதற்கு முன்னால் உள்ள சில வரிகள்தான் உலகத்தை அசைத்தன. மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள். உயிர் வாழவும், சுதந்திரமாக இருக்கவும், இன்பத்தைத் தேடவும் அவர்களுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. அந்த உரிமைகளைக் காக்கவே அரசாங்கம். அரசாங்கத்தின் அதிகாரம் மக்களின் சம்மதத்தில் இருந்து வருகிறது. காக்க வேண்டிய அரசாங்கமே உரிமையை அழித்தால் அதை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு. இவைதான் அந்த வரிகளின் கருத்து.

வரியில் தொடங்கிய வழக்கு இங்கே வந்து நின்றது. வரியைப் பற்றிய வழக்கு, வரியை எடுத்துவிட்டால் தீர்ந்து போகும். அதிகாரம் யாருடையது என்ற வழக்கு அப்படித் தீராது.

ஒரு குறையும் இருந்தது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பகுதியைச் சபை வெட்டிவிட்டது. அடிமைகளை வைத்திருந்த தென்பகுதியார் ஒப்பவில்லை. ஜெபர்சனே நூற்றுக்கணக்கான அடிமைகளுக்குச் சொந்தக்காரர். எல்லோரும் சமம் என்ற வரியில் எல்லோரும் என்பது யார் யார்? அந்தக் கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

பெயின் அடிமை முறையை வெறுத்தவர். 1780-ம் ஆண்டு பென்சில்வேனியாச் சட்டசபை, அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது அந்தச் சபையின் எழுத்தராக இருந்தவர் பெயின்.

பனி இரவு

பிரகடனம் செய்துவிட்டால் சுதந்திரம் வந்துவிடுமா? இங்கிலாந்தின் பட்டாளம் நியூயார்க்கைப் பிடித்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் படை பின்வாங்கி ஓடியது. பெயினும் அந்தப் படையோடு நடந்தார். சிப்பாய்கள் பலருக்குக் காலில் செருப்பு இல்லை. பனியில் ரத்தச் சுவடு விழுந்தது. டிசம்பர் மாதக் கடைசியோடு பெரும்பாலோரின் ஒப்பந்தக் காலமும் முடிந்துவிடும். அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டால் படையே இல்லை.

பெயின் மறுபடியும் பேனாவை எடுத்தார். முகாமில் முரசின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார் என்று சொல்வார்கள். நெருக்கடி என்ற தலைப்பில் 1776 டிசம்பர் 19-ந் தேதி அது அச்சாயிற்று. வெயில் காலத்தில் கூட வந்து குளிர் காலத்தில் நழுவும் சிப்பாய்களை அதில் சுட்டிக் காட்டினார். இந்தச் சோதனையில் நிற்பவனே நன்றிக்கு உரியவன் என்பது கருத்து. சிப்பாய்களைக் கூட்டி அதைப் படித்துக் காட்டினார்கள் என்பது அந்த நாட்டில் வழிவழியாகச் சொல்லும் வரலாறு.

கிறிஸ்துமஸ் இரவு. பனிக்கட்டி மிதக்கும் டெலாவர் ஆற்றை வாஷிங்டனின் படை படகில் கடந்தது. விடிந்ததும் டிரென்டன் ஊரில் இருந்த கூலிப்படையைத் தாக்கியது. சுமார் 900 பேர் கைதானார்கள். படை பிழைத்தது.

சண்டை இன்னும் ஐந்து ஆண்டு நடந்தது. சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாதபோது, பெயின் தம் சம்பளத்தில் இருந்து 500 டாலரை எடுத்து வைத்து நிதி திரட்டத் தொடங்கினார். 1781-ல் பிரான்சுக்குப் போன தூதருடன் கூடவே போய், அந்த நாட்டு மன்னர் பதினாறாம் லூயி கொடுத்த 25 லட்சம் லிவர் பணத்தோடு திரும்பினார். அந்தப் பயணத்துக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது.

1781 அக்டோபரில் யார்க்டவுன் என்ற இடத்தில் ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் சரண் அடைந்தார். இந்தப் பெயர் நமக்கும் தெரிந்ததே. 1786-ல் அவர் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792-ல் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

1783-ல் இங்கிலாந்து அமெரிக்காவின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. நியூயார்க் அரசாங்கம் பெயினுக்கு நியூ ரோஷல் என்ற ஊரில் ஒரு பண்ணையைக் கொடுத்தது.

அரசரின் தலை

பண்ணையில் உட்கார்ந்து காலத்தைக் கழிக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. இரும்புப் பாலம் ஒன்றுக்குத் திட்டம் போட்டு, அதன் மாதிரியோடு 1787-ல் ஐரோப்பாவுக்குப் போனார். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அதை ஆதரித்து மனிதனின் உரிமைகள் என்ற புத்தகத்தை 1791-லும் 1792-லும் இரண்டு பாகமாக எழுதினார். ஐம்பது வயதான ஏழைக்கு ஆண்டுக்கு 6 பவுன், அறுபது வயதானால் 10 பவுன் சர்க்கார் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் ஒதுக்கினார். முதியோர் பென்ஷன் இங்கிலாந்தில் சட்டமானது 1908-ல்தான்.

இந்தப் புத்தகம் பிறகு இந்தியாவுக்கும் வந்தது. பூனாவில் ஜோதிராவ் பூலே இளம் வயதில் அதைப் படித்தார். 1848-ல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர் அவர்.

இங்கிலாந்து சர்க்கார் பெயின் மீது வழக்குப் போட்டது. ஊர் ஊராக அவர் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். பிரெஞ்சு மக்கள் அவரைத் தங்கள் சட்டசபைக்கே தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது!

அங்கே ஒரு சோதனை காத்திருந்தது. 1793 ஜனவரியில் பதினாறாம் லூயியைக் கொல்வதா, வேண்டாமா என்று சபை ஓட்டு எடுத்தது. அரசர்களைப் பெயின் அளவுக்குத் திட்டியவர் உலகத்தில் இல்லை. கொல்லுங்கள் என்று முதலில் சொல்பவர் அவராகத்தான் இருப்பார் என்று எவரும் நினைப்பார்கள்.

பெயின் எழுந்து நின்றார். அவர் எழுதியதை மொழிபெயர்ப்பாளர் படித்தார். அரச பதவியை ஒழியுங்கள், ஆளைக் கொல்லாதீர்கள் என்பது அவர் வாதம். அமெரிக்கா விடுதலை பெற உதவி செய்தவர் இந்த மனிதர். போர் முடிந்ததும் அமெரிக்காவுக்கு நாடு கடத்திவிடலாம் என்றார். மாரட் என்ற தலைவர் குறுக்கே எழுந்து கூச்சல் போட்டார். குவேக்கர் குடும்பத்துக்காரர் மரண தண்டனை பற்றி ஓட்டுப் போடக் கூடாது என்றார். பெயின் பின்வாங்கவில்லை. ஆனாலும் கொல்லச் சொன்னவர்களே வென்றார்கள். ஜனவரி 21-ந் தேதி மன்னரின் தலை உருண்டது.

கதவில் ஒரு குறி

அந்த ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி பெயினையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். தினமும் சிறையில் இருந்து ஆட்களை வெட்டுமேடைக்குக் கொண்டுபோனார்கள். யாரைக் கொண்டுபோக வேண்டுமோ அவர்கள் அறைக் கதவில் முதல் நாள் சுண்ணக்கட்டியால் குறி போடுவார்கள்.

பெயின் காய்ச்சலில் கிடந்தார். காற்றுக்காக அறைக் கதவு வெளிப்புறமாகத் திறந்து, சுவரோடு சாய்ந்து கிடந்தது. குறி போட வந்தவர் கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார். அது கதவின் உட்புறம். இரவில் கதவைச் சாத்தியதும் குறி உள்ளே போய்விட்டது. தண்டனைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் வெறும் கதவைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். இது பெயினே பிற்பாடு சொன்ன வரலாறு.

சில நாளில் கொலையாட்சி நடத்திய ரோபஸ்பியரே வெட்டுண்டார். புதிதாக வந்த அமெரிக்கத் தூதர் மன்ரோ முயற்சி எடுத்து, 1794 நவம்பரில் பெயினை மீட்டார். பத்து மாதச் சிறை. ஜனாதிபதியாக இருந்த பழைய நண்பர் வாஷிங்டன் தமக்காக வாய் திறக்கவில்லை என்று பெயின் மனம் கசந்தார். கோபத்தில் அவரைத் தாக்கிக் கடிதம் எழுதி அச்சிட்டார். அமெரிக்கர்கள் அதை மன்னிக்கவில்லை.

மற்றொரு புத்தகமும் அவருக்குப் பகையைத் தேடித் தந்தது. பகுத்தறிவின் காலம் என்பது அதன் பெயர். கடவுள் ஒருவர் உண்டு, ஆனால் எந்த வேத நூலும் அவர் அருளியது அல்ல என்று அதில் வாதாடினார். கோயில் பீடங்களில் இருந்தெல்லாம் அவருக்குச் சாபம் விழுந்தது.

ஓட்டு இல்லை

1802-ல் பெயின் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அப்போது ஜனாதிபதி ஜெபர்சன். அவர் வரவேற்றார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு நாள் டிரென்டன் ஊரில் நியூயார்க்குக்குப் போகக் குதிரை வண்டியில் இடம் கேட்டார். நாஸ்திகனை ஏற்ற மாட்டோம் என்று வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். ஒரு காலத்தில் அவர் எழுத்தைக் கேட்டுவிட்டுப் பனியில் ஆறு கடந்த சிப்பாய்கள் வென்ற ஊர் அது!

1806-ல் நியூ ரோஷலில் தேர்தல் நடந்தது. பெயின் ஓட்டுப் போடப் போனார். வயது 69. தேர்தல் அதிகாரி சீட்டை வாங்க மறுத்தார். நீர் அமெரிக்கப் பிரஜை அல்ல என்றார். பிரான்சுச் சிறையில் இருந்தபோது அமெரிக்க அரசாங்கம் உம்மைத் தன் குடிமகன் என்று உரிமை கொண்டாடவில்லையே என்று காரணமும் காட்டினார். சுதந்திரப் போரில் அந்த அதிகாரியின் குடும்பத்தார் ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர்கள் என்று பெயின் குறைப்பட்டார். வழக்குத் தொடுத்தும் பயன் இல்லை.

அரசாங்கத்தின் அதிகாரம் மக்களின் சம்மதத்தில் இருந்து வருகிறது என்று அந்த நாட்டுக்குச் சொல்லிக் கொடுத்தவரின் சம்மதத்தை அந்த நாடு கேட்க மறுத்தது.

காணாமற்போன எலும்புகள்

1809-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி பெயின் நியூயார்க்கில் காலமானார். குவேக்கர் இடுகாட்டில் தம்மைப் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர்கள் இடம் தரவில்லை. பண்ணையிலேயே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள்.

சவ அடக்கத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாரிஸில் அவருக்கு இடம் கொடுத்த நண்பரின் மனைவி போன்வில் அம்மாள் வந்திருந்தார். குழியின் ஒரு பக்கம் தாம் நின்றார், பிரான்சின் சார்பாக. மறு பக்கம் தம் சின்ன மகனை நிறுத்தினார், அமெரிக்காவின் சார்பாக. நீக்ரோக்கள் இருவரும் வந்திருந்தார்கள்.

பத்து ஆண்டு கழிந்தது. வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகைக்காரர் அந்த ஊருக்கு வந்தார். ஒரு காலத்தில் பெயினை வசைபாடி எழுதியவர் அவர். பிறகு பெயினின் எழுத்துகளைப் படித்து மனம் மாறியவர். சொந்த நாட்டில் நினைவு மண்டபம் கட்டலாம் என்று எண்ணி, 1819-ல் குழியைத் தோண்டி எலும்புகளை எடுத்துப் பெட்டியில் வைத்துக் கப்பலில் ஏற்றினார்.

இங்கிலாந்தில் மண்டபத்துக்குப் பணம் சேரவில்லை. பெட்டி காபெட்டின் வீட்டிலேயே கிடந்தது. 1835-ல் அவர் இறந்தார். அவர் மகன் கடனில் மூழ்கி, வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. எலும்புகளை ஏலம் கூற ஏலக்காரர் மறுத்துவிட்டார். பெட்டி கைமாறிக் கைமாறிப் போயிற்று. அதன் பிறகு அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.